டிரஸ்டட் இன்ஸ்டாலர் சமூகத்துக்கு ஒரு விண்ணப்பம்

விண்டோஸ் சமஸ்தானத்து ஃபைல்களுக்கெல்லாம் அதிபதியாய் வீற்றிருக்கும் மகா கனம் பொருந்திய டிரஸ்டட் இன்ஸ்டாலர் அவர்கள் சமூகத்துக்கு, ரொக்கம் கொடுத்துக் கம்ப்யூட்டர் வாங்கி, அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பட்டமும் பெற்றுக்கொண்ட பிரஜை ஒருவன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது.

சொந்தக் கம்ப்யூட்டரில், விண்டோஸ் ஃபோல்டரில் கிடக்கும் நோட்பேட் என்னும் அற்ப சொற்ப ஃபைலின் பெயரை மாற்றலாமென்று ஒருவன் கை வைத்தால், அட்மினிஸ்ட்ரேட்டரின் அனுமதி வேண்டுமென்று முதலில் ஒரு பெட்டி கேட்கிறது. நாமே அல்லவா அந்த ஆசாமி என்று அவனும் பெருமிதத்தோடு அனுமதி வழங்க, அந்த அனுமதியைச் சட்டை செய்யாமல், 'டிரஸ்டட் இன்ஸ்டாலரின் அனுமதி தேவை' என்று இரண்டாவது பெட்டி எழுந்து நிற்கிறது. அதை எந்தக் கச்சேரியில், எத்தனை ரூபாய் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்பது என்ற விவரம் அதில் இல்லை. இருப்பவை, மீண்டும் முயல ஒரு பொத்தான், விட்டுவிட ஒரு பொத்தான்; முன்னதை எத்தனை தரம் அமுக்கினாலும் பின்னதில்தான் போய் முடியும்.

தங்கள் பதவியின் அவசியத்தை அடியேன் மறுக்கவில்லை. பல புரோகிராம்களுக்குப் பொதுச்சொத்தான டிஎல்எல் ஃபைல்களின்மேல், புதிதாய்க் குடியேறும் ஏதோ ஒரு புரோகிராம் தன்னிடமிருந்த பழம் பிரதியை எழுதிவிட்டுப் போக, சம்பந்தமே இல்லாத வேறொன்று படுத்துவிடும் அராஜகம் ஒரு காலத்தில் சர்வ சாதாரணமாயிருந்தது. விண்டோஸ் 2000-இல் வந்த காவல், அக்கிரமம் நடந்தேறிய பின், ஒளித்துவைத்த நகலைக் கொண்டுவந்து பழையபடி வைக்கும். 2007-இல் விஸ்டாவோடு தாங்கள் பட்டமேற்றபின், நடக்கவே விடாமல் தடுப்பது சாசனமாயிற்று. வைரஸ் என்பது உரிமையாளனின் வேஷத்திலேயே உள்ளே வருவதால், உரிமையாளனையே சந்தேகிப்பது ராஜதந்திரந்தான்.

ஆயினும், மைனர் ஜமீன்தாரின் ஆஸ்தியைக் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் பரிபாலித்த நாளில், மைனருக்கு என்றைக்காவது வயது வந்துவிடும் என்ற ஆறுதலாவது இருந்தது. எங்கள் மைனர்த்தனம் தீரும் தேதி தங்கள் சட்டத்தில் எங்குமே காணோம். (தாங்களோ, அப்டேட் போன்ற வேலை வரும்போது மட்டும் விழித்தெழுந்து, மற்ற வேளைகளில் நித்திரையிலிருப்பதாய்ச் சர்வீஸ் பட்டியல் சொல்கிறது. உறங்கும் அதிகாரியின் கையெழுத்துக்காகக் காத்திருப்பது எங்களுக்குப் புதிதல்ல.)

வேடிக்கை என்னவென்றால், இத்தனை பந்தோபஸ்தும் மரியாதைப்பட்டவனுக்கு மட்டுந்தான். கட்டளைகளை எழுத்தால் இடும் கறுப்புத் திரையைத் திறந்து, 'டேக்ஓன்' என்று ஒரு கட்டளையால் ஃபைலைத் தன் பெயருக்குப் பட்டா மாற்றி, 'ஐகேக்ல்ஸ்' என்று மற்றொன்றால் சர்வ சுதந்திர பாத்தியதையும் எழுதிக்கொள்ள அட்மினிஸ்ட்ரேட்டருக்கு உரிமை உண்டு. விண்ணப்பித்தால் கிடைக்காத அனுமதி, அபகரித்தால் கிடைத்துவிடுகிறது!

அபகரித்ததைத் திருப்பித் தர நினைக்கும் யோக்கியனுக்குத்தான் சங்கடம். உடைமையாளர் கட்டத்தில் 'டிரஸ்டட் இன்ஸ்டாலர்' என்று பக்தியோடு எழுதினால், அப்படியொரு பேர்வழியே இல்லை என்று பதில் வருகிறது. முன்னால் 'என்டி சர்வீஸ்' என்ற குலப்பெயரையும் ஒரு பின்சாய்கோட்டையும் சேர்த்தால்தான் தாங்கள் இருப்பதாகவே ஒப்புக்கொள்கிறார்கள். ஆகையால், இனியேனும் அந்த இரண்டாவது பெட்டியில் தங்கள் பூரண நாமதேயத்தைப் பின்சாய்கோடு சகிதம் அச்சிட உத்தரவாகும்படி பிரார்த்திக்கிறேன்.

இங்ஙனம்,
பெயரளவில் அட்மினிஸ்ட்ரேட்டர்