கழத்து மக்கா, கழத்து!

வாலே மக்கா, அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காரு. காரோட எடையக் குறைக்க யோசனை கேட்டு வந்திருக்க. அதுவும் யாருகிட்ட? தேவ்நார்ல பங்கார் கடை, அதான் பழைய இரும்புக் கடை, போட்டிருக்க என்கிட்ட. நீ கழத்திக் கொண்டார ஒவ்வொண்ணும் எனக்குக் கிலோ கணக்குல காசு. அதனால நான் சொல்லுததைக் கொஞ்சம் சந்தேகப்பட்டே கேட்டுக்கோ.

நம்ம ஏரியா எப்படின்னா, பக்ரீத் வந்தா சந்தையில ஆட்டுக்குத் தீனியாத் திணிச்சு எடைய ஏத்துதான். அந்தப் பக்கம் குப்பை மேட்டுல 1927லேர்ந்து மும்பை முழுக்கத் தன் எடையக் கொண்டாந்து இறக்கிட்டுப் போவுது. இதுக்கு நடுவுல நீ ஒரு பழைய ஹோண்டா சிட்டி வீடெக்கை வாங்கிப் போட்டு, ‘தாத்தா, இத ஸ்போர்ட்ஸ் கார் ஆக்கப் போறேன்’ங்க. நல்லா இரு.

எண்ணம் தப்பில்லலே. கணக்கு சரியாத்தான் இருக்கு. ஆயிரம் கிலோ வண்டியில நூறு குதிரை இன்ஜின்னு வையி. நூறு கிலோவ இறக்கிட்டா, பதினோரு குதிரைய ஓசியில கட்டுன மாதிரி இழுக்கும். இன்ஜின்ல கை வச்சா நேர் ரோட்டுலதான் பலன். எடை குறைஞ்சா பிரேக்கு சீக்கிரம் பிடிக்கும், வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்கும், டயரும் கம்மியாத் தேயும். கடலுக்கு அந்தாண்ட அலிபாக்குல சிங்காரான்னு ஒரு கம்பெனி ரோட்ஸ்டர் கட்டுச்சு. உள்ள இருந்தது அம்பாசடருக்குப் போட்ட அதே 1.8 லிட்டர் இசுசு இன்ஜின். மேல பைபர் உடம்பு, கூரை கிடையாது, கதவு கிடையாது. அம்பாசடர்ல தாசில்தாரைச் சுமந்த இன்ஜின், அங்ஙன போயி துள்ளிக் குதிச்சுது.

சரி, இப்ப டிக்கியத் தொற. இது என்னலே, சப்வூபரா? இந்தா, இந்த வஜன் காட்டாவுல, அதான் தராசுல, தூக்கி வையி. பாத்தியா, முள்ளு இருபதைத் தாண்டி நிக்கு! பாட்டுப் பெட்டிய இருபது கிலோவுக்கு ஏத்திட்டு, நாலு கிலோ மிச்சம் பிடிக்க கம்பளத்தைக் கிழிக்கப் போறியாக்கும். அடுத்தது சக்கரம். பளபளன்னு பதினேழு இஞ்சு போட்டிருக்கியே, அதையும் கம்பெனி குடுத்த பழைய இரும்பு வீலையும் அடுத்தடுத்து வச்சுப் பாரு. மலிவா வாங்குன அலாய் இரும்பை விடக் கனமாத்தான் இருக்கும். சக்கரத்து எடை மத்த எடை மாதிரி இல்லடா. அது ஸ்பிரிங்குக்குக் கீழ தொங்குது, சுத்தவும் செய்யுது. அங்க ஒரு கிலோ குறைச்சா, உள்ள ரெண்டு கிலோ குறைச்ச சொகம். பெட்ரோலையும் ரொம்பி வழிய ஊத்தாத. நாப்பது லிட்டரே முப்பது கிலோ வரும்.

இதெல்லாம் நீ ஏத்துன எடை. இதக் கழத்துனா யாரும் கேக்க மாட்டாவ. அடுத்து கம்பெனிக்காரன் வச்ச எடை. அங்கதான் உன் மூளை வேலை செய்யணும். பின்சீட்டையும் ஸ்டெப்னியையும் கழத்துத, சரி. இது முன்சக்கரம் இழுக்க வண்டி. இன்ஜின் பாரம் முழுக்க மூக்குல. வாலும் லேசாயிட்டா, ஜூன் மாச மழையில பிரீவே வளைவுல பிரேக்கை அமுத்தினா மூக்கு நிக்கும், வாலு முந்திக்கிட்டு வந்து ‘எண்ணே, சௌக்கியமா’ன்னு கேக்கும். தரையில ஒட்டியிருக்க தார் அட்டையப் பிச்சு எறிஞ்சா, மான்கூர்ட் லிங்க் ரோட்டு லாரிச் சத்தமும் சூடும் உன் மடியில வந்து உக்காரும். ஏசியக் கழத்துனா? மே மாசம் சிக்னல்ல நீயே ரெண்டு கிலோ உருகிருவ, அத வேணா கணக்குல சேத்துக்கோ.

பெராரிக்காரன் எப்40ன்னு விட்டானே, அதுலயும் கம்பளம் கிடையாது, உள்ளேர்ந்து கதவு தொறக்க ஒரு கயிறுதான்னு சொல்லுவ. தெரியும்லே. அவன் மொதல்லேர்ந்தே அப்படிக் கட்டுனான். நீ கட்டுனதைப் பிரிக்க. நம்ம மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. ஆர்சி புக்குல எழுதினதுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாதுங்குது. 2019ல சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லியாச்சு. ஆர்சிய எடுத்துப் பாரு, ஆள் இல்லாத வண்டி எடை எத்தனைன்னும் அதுல எழுதியிருக்கும்.

அரிப்பு தாங்கலைன்னா டிராக்குக்குப் போ. கோயம்புத்தூர்ல கரிவர்தன்னு ஒரு மகராசன் இருந்தாவ. மில்லுக் குடும்பத்துப் பிள்ளை. மாருதி 800 இன்ஜினை ஒத்தைச் சீட்டுக் கூண்டுல மாட்டி, 1988ல ரேஸ் வண்டியா இறக்குனாவ. 1995ல விமான விபத்துல போய்ச் சேந்துட்டாவ. அவுக பேர்ல செட்டிபாளையத்துல டிராக்கு இருக்கு, அது போக இருங்காட்டுக்கோட்டையில வேற ஒண்ணு இருக்கு. ஆனா ரேசுன்னு எறங்குனா, எல்லாத்தையும் கழத்தின பெறவு உள்ள இரும்புக் குழாயில ரோல் கேஜ் பத்த வைக்கச் சொல்லுவான். முப்பது நாப்பது கிலோ திரும்பவும் ஏறும். ரேஸ்காரனுக்குத் தெரியும், எத எறக்கணும், எத ஏத்தணும்னு. அதே கேஜைப் போட்டுக்கிட்டு ஹெல்மெட் இல்லாம செம்பூருக்கு டீ குடிக்கப் போகாத. ஒரு இடிக்கு உன் தலைதான் முதல்ல குழாயத் தேடும்.

இன்னொண்ணு. பார்முலா ஒன்ல டிரைவருங்க பட்டினி கிடந்து எடை குறைச்சாங்கன்னு, 2019ல ஆளும் சீட்டும் சேந்து 80 கிலோவாவது இருக்கணும்னு சட்டமே போட்டான். உனக்கு அந்தச் சட்டத்தால ஒரு தொந்தரவும் வராது. வயித்தப் பாத்தாலே தெரியுது.

கடைசியா வெலை பேசிருவோம். சப்வூபர் பெட்டி, அந்தப் பளபளா வீலு ரெண்டும் கொண்டா, முழு வெலை தாரேன். பின்சீட்டுக் கொண்டாந்தா பாதி வெலை. உங்க அம்மை எங்க உக்காருவான்னு யோசிக்கட்டும்னுதான். கதவுக்குள்ள இடி தாங்க வச்சிருக்க இரும்புக் கம்பிய மட்டும் அறுத்துக் கொண்டாந்தேன்னு வையி, காட்டாவுல ஏத்த மாட்டேன். அப்படியே உங்க அம்மைக்கு ஒரு போனைப் போடுவேன்.