கிரேன் இறங்கலாம், ஆள் இறங்கக் கூடாது

2023 அக்டோபரில் கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் சரக்குக் கப்பல் வந்தது. பெயர் ஷென்ஹுவா 15. சீனாவில் செய்த ராட்சத கிரேன்களைச் சுமந்து வந்த அதற்கு மாப்பிள்ளை அழைப்பு மாதிரி மரியாதை. முதலமைச்சரே நேரில் வந்து வரவேற்றார்.

ஒரே ஒரு சிக்கல். கிரேன் இறங்கலாம், அதை இறக்கத் தெரிந்த சீன ஊழியர் இறங்கக் கூடாது. குடியேற்ற அனுமதி வரவில்லை. விழா முடிந்து, பந்தலில் கூட்டம் கலைந்த பிறகும் அவர்கள் கப்பலிலேயே நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்துத்தான் அனுமதி வந்தது.

சீனரைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. ஐசியூவில் வருடக்கணக்காக உயிர் காத்த நம்மூர் நர்ஸ், வளைகுடா போக டேட்டாஃப்ளோ சான்றிதழ் சரிபார்ப்பு, ப்ரோமெட்ரிக் உரிமத் தேர்வு என்று மறுபடி மாணவி ஆகிறார். கனடா போன என்ஜினியரிடம் "கனடிய அனுபவம் உண்டா?" என்கிறார்கள். வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும் என்று வாதாட அவருக்கு நேரமில்லை. ஊபரில் அடுத்த சவாரி காத்திருக்கிறது. ஒன்டாரியோ மாகாணத்தில் 2026 ஜனவரி முதல் ஓரளவு பெரிய நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் அப்படிக் கேட்கக் கூடாதென்று சட்டம். நல்லது. இனி நேர்காணலில் கேட்பார்கள்.

இப்போது விழிஞ்ஞத்தில் கட்டுப்பாட்டு அறைத் திரைமுன் உட்கார்ந்து சீன கிரேன்களை இயக்குபவர்களில் உள்ளூர் மீனவக் குடும்பப் பெண்களும் உண்டு. வெளிநாட்டு அனுபவம் தேடுவோர் கவனிக்க: சொந்த ஊரிலேயே கிடைக்கிறது, ஏஜென்சி கமிஷனும் கிடையாது.