முண்டாவப் பாத்து மாஸ்டர் புடிக்காத

ஏங்கண்ணு, புதுச் சைக்கிள் எடுத்துட்டயாமா. ரெண்டு கறவை மாட்டு வெலைன்னு உங்கம்மா சொன்னா. கேரியர் இல்ல, ஸ்டாண்டு இல்ல, பெல்லும் இல்ல. இல்லாததுக்கெல்லாம் சேத்துத்தான் காசு வாங்கீருப்பான் போல. மேட்டுப்பாளையத்துலருந்து குன்னூருக்கு மிதிச்சே ஏறோணும்னு ஆசையாமா? ஏறு சாமி, ஆரு வேண்டாம்னா? 30 கிலோமீட்டர் சொச்சந்தான். 1,500 மீட்டர் உசரம் மேல போகோணும், உன்ற தொந்தியும் கூடவே வரும். அதனாலதான், ஏறறதுக்கு முன்னால ஜிம்முல ஒரு நல்ல மாஸ்டரப் புடின்னு இந்த அப்புச்சி ரோசனை சொல்றேன்.

ஜிம்முல மாஸ்டரோட முண்டாவப் பாத்து மயங்கீராத. அது அவன் தூக்குனது, உனக்கு வராது. அவன் கேக்கற கேள்வியப் பாரு. சக்கரை, பிரஷர் இருக்குதா, முன்னால எங்கயாச்சும் அடிபட்டுச்சா, வாரத்துல எந்த நாள் தூரம் மிதிக்கறன்னு ஒண்ணுங் கேக்காம பவுடர் டப்பாவ நீட்டுனான்னா, அவன் மாஸ்டர் இல்ல, மளிகைக்கடைக்காரன்.

ஒரு சூது சொல்லித் தாரேன். ‘மிதிக்கறப்ப முட்டிக்கு முன்பக்கம் வலிக்குதுங்க மாஸ்டர்’னு சொல்லிப் பாரு. ‘வலிச்சாத்தான் வளரும்’னு முதுவுல தட்டுனான்னா, செருப்ப மாட்டீட்டு வந்துரு. வெவரமானவன் ‘சீட்ட எந்த ஒசரத்துல வெச்சிருக்கற?’ன்னு கேப்பான். சீட் தாழ இருந்தா அங்கதான் வலிக்கும். பெடல் கீழ நிக்கறப்ப குதிகால வெச்சா கால் நேரா நீளோணும். அப்பறம் முன்பாதத்துல மிதிச்சா முட்டி லேசா மடங்கி நிக்கும். அடுத்தாப்ல உன்னைய ஒத்தக்கால்ல உக்காந்து எந்திரிக்கச் சொல்லுவான், முட்டி உள்பக்கம் சாயுதான்னு பாக்கறதுக்கு. நீ உளுவ. அவன் சிரிக்கமாட்டான். நாஞ்சிரிப்பேன்.

உனக்குக் கண்ணாடி முன்னால நின்னு கை வளத்தோணும். அவனோ இடுப்புக்கும் முதுவுக்கும் பின்தொடைக்கும் வேலை வெப்பான். ஸ்குவாட், டெட்லிஃப்ட், பிளாங்க்னு. மூஞ்சியத் தூக்காத. நடுவொடம்பு கெட்டியா இல்லீன்னா, ஏத்தத்துல உன்ற கால்பலம் கொஞ்சம் ஆடி ஆடியே வீணாப்போயிரும். அதுவுமில்லாம, சைக்கிள்ல பாரத்தையெல்லாம் சீட்டு தாங்கிக்குது. எலும்புக்கு வேலையே இல்ல. வெயிட்டுத் தூக்குனாத்தான் அதுக்கு ஒறைக்கும்.

மாஸ்டர்கிட்ட ‘ஃபிட் ஆகோணும்’னு பொத்தாம்பொதுவாச் சொல்லாத. எல்லாத்துக்கும் எழுதிக் குடுக்கற பயிற்சிப் பட்டியலையே உனக்குங் குடுத்துருவான். மலையா, இல்ல 200 கிலோமீட்டர 13.5 மணி நேரத்துல முடிக்கற பிரெவேங்கற தூரச் சவாரியான்னு தெளிவாச் சொல்லு. ஞாயித்துக்கெழம தூரம் போறதுன்னா, சனிக்கெழம காலுக்குப் பாரம் வெக்க வேண்டாம்னும் சொல்லிப்போடு. ராத்திரி பரோட்டா தின்னதையும் மறைக்காத, தராசு காட்டிக் குடுத்துரும்.

சேந்த மொத நாளே வீம்புக்கு நூறு ஸ்குவாட்டுப் போட்டு, அப்பறம் மூத்திரம் டீத்தண்ணி நெறத்துல போச்சுன்னா, ஸ்டேட்டஸ் போட்டுட்டு உக்காந்திராத. ஒடைஞ்ச சதை கிட்னியப் பதம் பாக்குதுன்னு அர்த்தம். நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடு.

பீஸு ஒரு வருசத்துக்குச் சேத்துக் கட்டுனா பாதி வெலைம்பாங்க. கட்டீராத. ஒரு மாசத்துக்குக் கட்டு, போதும். மூணாம் வாரம் உங்கம்மா போன் பண்ணி, ‘அப்பா, இவன் எங்கீங்க காலைல எந்திரிக்கறான்’னு சொல்றப்ப காசாவது மிஞ்சியிருக்கும்.