சூப்பர்னு சொன்னது எவம்லே?

ஏலே மக்கா, நாலு குரல்ல பாட்டு எழுதிட்டியாமே! உங்க அம்மை சூப்பருங்கா. சேக்காளிமாரு கட்டைவிரலத் தூக்கிக் காட்டிட்டானுவ. பின்ன என்ன, சோலி முடிஞ்சுது. இனிமே ஒருத்தர்கிட்டயும் காட்டிராத. எவனாவது குத்தம் சொல்லிப்புடுவான், அதக் கேட்டு நீ தேறிப்புடுவ. என்னத்துக்கு வம்பு?

இருந்தாலும் கேக்கேன். கம்ப்யூட்டர்ல போட்டுக் கேட்டியே, எங்கயாவது அது மூச்சு விட்டுச்சா? டெனரை நாலு அளவு பூரா உச்சியிலயே நிப்பாட்டி வச்சிருக்க. அதுக்குத் தொண்டை கெடையாது, நிக்கும். நம்ம கொயர்ல டெனர் பாடுதவரு ரிட்டயர்டு கண்டக்டரு, ரெண்டாவது அளவுலயே விசில் ஊதி எறங்கிருவாரு. ஆல்டோவுக்கு என்ன எழுதியிருக்க? சோ, சோ, சோ, சோ. உங்க பெரியம்மை கல்யாணத்துக்கு முன்னால இருந்தே ஆல்டோ பாடுதா. தாளப் பாத்ததும், "இதுக்கு நான் எதுக்குலே, மாவு மில்லு மோட்டார ஓட்டி விடு"ம்பா. கோவப்படாத. அவ சொல்லுததுதான் பாடம். கம்ப்யூட்டரு இதச் சொல்லாது.

அந்த அஞ்சாவது அளவுக்கு வா. பேஸு டோவுல நிக்கான், சோப்ரானோ சோவுல நிக்கா. அடுத்த தட்டுல அவன் ரேக்கு ஏறுதான், அவ லாவுக்கு ஏறுதா. ரெண்டு பேரும் ஒரே பக்கம், எடைவெளியும் அதே அஞ்சு சுரம். ஆளு ரெண்டு, பாட்டு ஒண்ணாப் போச்சு பாத்தியா? பேரலல் ஃபிஃப்த்துன்னு வாத்தியாருமாரு பென்சில்ல கோடு இழுப்பாவளே, அது இதுதான். பேஸைக் கீழ ஃபாவுக்கு எறக்கு, சரியாப் போவும். கிதார எடுத்து ராக் பாட்டுக்கு அஞ்சு அஞ்சா அடிச்சா எவனும் கேக்க மாட்டான். பாமாலைக்கு நாலு குரல் எழுதுதேன்னு வந்தா கேப்பான்.

உன் காதுல அது ஏன் விழலங்க? நீ பாட்டக் கேக்கல, மெட்ட மட்டும் கேக்க. எழுதுனவன் காது எல்லாத்துக்கும் அப்படித்தான். அதனால இன்னொருத்தன் எழுதுன தாள வாங்கிக் குத்தம் தேடு. அதுல ஒனக்குத்தான் கை தேர்ந்திருக்கே. அங்க நாலு கண்டுபிடிச்சேன்னா, பெறவு உன் தாள்ல உள்ளது தன்னால கண்ணக் குத்தும்.

வாத்தியாரு திட்டிட்டாருன்னு மூஞ்சியத் தூக்காத. தாமஸ் அட்வுட்டுன்னு ஒரு இங்கிலீஸ்காரப் பையன் 1785-லருந்து 1787 வரை வியன்னாவுல மோட்சார்ட்டுகிட்டப் படிச்சான். அவன் நோட்டு இன்னும் இருக்கு. பாடத்துக்கு நடுவுல மோட்சார்ட்டு அவன் பாசையிலயே எழுதி வச்சிருக்காரு, நீ ஒரு கழுதைன்னு. அந்தக் கழுதைதாம்லே 1796-ல லண்டன் செயின்ட் பால் பேராலயத்துக்கு ஆர்கன் வாசிக்கப் போச்சு. உன்ன எவனும் கழுதைங்கல. சூப்பருன்னுதான் சொல்லிருக்கான். எனக்கு அதான் கவலை.

பெரிய ஆளுகிட்டத்தான் கேப்பேன்னும் நிக்காத. பீத்தோவன் 1792-ல வியன்னாவுக்குப் போயி ஐடன்கிட்டச் சேந்தாரு. பீத்தோவன் எழுதுன பயிற்சியில இருநூத்துச் சொச்சம் இன்னும் கெடக்கு. ஐடன் கைபட்டது அதுல கொஞ்சந்தான், பாதிக்குப் பாதி கூடக் கெடையாது. பெரிய மனுசருக்கு ஆயிரம் சோலி. பெறவு 1794-ல ஆல்பிரெக்ட்ஸ்பெர்கருங்கிற வாத்தியாருகிட்டப் போனாரு, அவரு ஒழுங்கா ஒக்காந்து பாத்தாரு. ஒனக்கு உங்க பெரியம்மை இருக்கா, காசு கேக்க மாட்டா.

ஆனா போயி நின்னு, "எப்படிப் பெரியம்மை இருக்கு?"ன்னு கேக்காத. "நல்லாருக்கு ராசா"ன்னு முறுக்குத் தருவா, தின்னுட்டு வந்துருவ. "ஏழாவது அளவுல உங்களுக்கு எங்க மூச்சு எடுக்கணும், எந்த எடத்துல சுரம் புடிபடல?"ன்னு கேளு. பேஸுக்காரன்கிட்ட, "இதப் பாடுனா தூக்கம் வருதா?"ன்னு கேளு. வருதும்பான். எழுதிக்க.

சனிக்கெழம சாயங்காலம் கொயருக்கு வா. தாளு எட்டு நகலு, பென்சிலு எட்டு. பேனா கொண்டாராத, நிறைய அழிக்க வேண்டியதிருக்கு. டீ, வடை உன் செலவு.

அப்புறம், கடைசி அளவுல சோப்ரானோவும் பேஸும் ஒண்ணுபோல டீயிலருந்து டோவுக்குத் தாவுதே, அது என்னதுன்னு நான் சொல்ல மாட்டேன். கண்டக்டரு சொல்லுவாரு.