வயரும் வேண்டாம், வைஃபையும் வராது

பதுளையிலிருந்து பசறை, ஹாலி-எல, தெமோதரை என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் தோட்டத்துக்கு ஒருத்தன் இருக்கிறான். தோளில் பை, பைக்குள் யாரோ கழித்துக் கட்டிய லெப்டொப். வின்டோஸ் இருந்த தடயமே தெரியாமல் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டிருப்பான். மூடியில் பென்குயின் ஸ்டிக்கர். "மகன் வாத்துப் படம் போட்ட கம்பியூட்டர்ல வேல செய்யிறான்" என்பார் அவன் அம்மா.

1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்த சரக்கு இது. இவனுக்கு அவர் குலதெய்வம். இவனிடம் "நெட் வருதா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. பிளேன்டீ ஆறிப்போகும்.

நான் கேட்டேன். என் மெஷினிலும் லினக்ஸ் போட்டுத் தந்திருந்தான். வைஃபை தவிர எல்லாம் வந்தது. கறுப்புத் திரையில் 'எல்எஸ்பிசிஐ' என்று அடித்தான். ஓடி நின்ற வரிகளில் ஒன்றின் மேல், நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி விரலை வைத்தான்.

"இந்தச் சிப்புக்கு ஃபர்ம்வேர் வேணும்ணே."

"போடு."

"நெட்லருந்து இறக்கணும்."

"இறக்கு."

"ஃபர்ம்வேர் போட்டாத்தானே நெட்டு வரும்!"

இஸ்தோப்பில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவன் தாத்தா நிமிர்ந்தார். "அடையாள அட்டைக்குப் போனா பொறப்புப் பத்திரம் கேட்டான். பொறப்புப் பத்திரத்துக்குப் போனா அடையாள அட்ட கேட்டான். நாங்க அப்பவே பாத்த லினக்ஸுதாண்டா இது."

2023இல் வந்த டெபியன் 12 லினக்ஸிலிருந்து இந்த ஃபர்ம்வேரெல்லாம் உள்ளேயே சேர்ந்து வருகிறது. இவன் பென்டிரைவில் இருந்ததோ அதற்கு முந்தியது. பேரன் அசரவில்லை. போனை யூஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங்கைத் தட்டினால், லினக்ஸ் அதை வயர் நெட்வொர்க் என்றே நம்பிவிடுமாம். நம்பியது. போனில்தான் சிக்னல் இல்லை. அது லயத்துக்கு இறங்கி வராது. முனியாண்டி கோயில் மேட்டுச் சவுக்கு மரத்தடியில்தான் குடியிருக்கிறது.

முன்னால் லெப்டொப்பை ஏந்திக்கொண்டு அவன், பின்னால் வயர் அறாமல் போனைப் பிடித்துக்கொண்டு நான், வேடிக்கைக்கு நாலு பிள்ளைகள். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "என்னா தம்பி, சாமி தூக்குறீங்களா?"

மேட்டில் பெட்டரி 19 வீதம். ஃபர்ம்வேர் இறங்கியது, ஏறியது. மூடித் திறந்தோம். வைஃபை இல்லை. இப்போது 'ஆர்எஃப்கில்' என்று அடித்தான். 'ஹார்ட் பிளொக்ட்: யெஸ்' என்று பதில் வந்தது. அவன் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. லெப்டொப்பைச் சாய்த்து, பக்கவாட்டில் நகத்தளவு இருந்த சுவிட்சை மெல்லத் தள்ளினான். வைஃபை பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன.

"அப்ப, சுவிட்சு மட்டும் போதுமா இருந்திச்சா?"

"ஃபர்ம்வேரும் வேணும்ணே" என்றான், சவுக்கு மரத்தைப் பார்த்து.

போன மாதம் மறுபடி போனேன். அவன் லெப்டொப்பில் வேறு நிறம், வேறு லினக்ஸ்.

"பழையதுல நெட் வரலயா?"

"வந்துச்சுண்ணே. நல்லா வந்துச்சு. அதான் அழிச்சிட்டேன்" என்றபடி யூஎஸ்பி வயரை எடுத்துக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பினான்.