ஆட்டு முடிக்கு எண்ணெய்க் குளியல்: மேக்கப் பிரஷ் துலக்கல் குறித்த ஓர் ஆய்வுரை

மேக்கப் பிரஷ் என்பது யாதோ எனின், முடி, பூண், பிடி என்னும் மூன்று உறுப்புகளை உடைய கருவி என்க. முடி ஆட்டினுடையதாக இருக்கலாம், அணிலினுடையதாக இருக்கலாம், விலை குறைந்தால் நைலானாகவும் இருக்கலாம். முடியைப் பிடியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோகக் குழல்தான் பூண். அதற்குள் பசை உண்டு. வெளியே தெரியாத இந்தப் பசை கட்டுரையின் பிற்பகுதியில் வில்லங்கம் செய்யப்போவதால் இங்கேயே அறிமுகப்படுத்தி வைக்கிறோம்.

இதைத் துலக்கத்தான் வேண்டுமா என்பது முதல் வினா. வேண்டியதில்லை என்போரே பெரும்பான்மையர். “நம்ம முகம், நம்ம பவுடர், இதுல அழுக்கு எங்கேர்ந்து வரும்?” என்பது அவர்கள் வாதம். அற்றன்று. பிரிட்டனின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தார் பயன்படுத்திய அழகுப் பொருட்கள் 467-ஐச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, பவுண்டேஷன் பூசும் ஸ்பாஞ்சுகளில் 93 விழுக்காடு ஒருமுறைகூடக் கழுவப்படாதவை. 64 விழுக்காடு தரையில் விழுந்தும் மறுபடி முகத்துக்கே போனவை. கீழே விழுந்ததை ஊதிவிட்டு எடுத்துக்கொள்ளும் பண்பாடு நமக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் பெறப்படும். ஸ்பாஞ்சின் தங்கையே பிரஷ். முகத்தின் எண்ணெய்ப் பசை, உதிர்ந்த தோல், போன மாதத்துப் பவுடர் எல்லாம் அதன் அடி முடியில் குடியிருக்க, கிருமிகளுக்கு அங்கே நித்திய பந்தி.

அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் கழகம் பிரஷ்ஷை 7 முதல் 10 நாட்களுக்கு ஒருமுறை கழுவச் சொல்கிறது. அதாவது, ஏறத்தாழ வாரம் ஒரு தலைக்குளியல். நமது கோட்பாடு இங்கிருந்தே பிறக்கிறது. ஆட்டு முடியும் கெரட்டின், அத்தை முடியும் கெரட்டின். ஆகவே தலைக்குச் செய்வதையே பிரஷ்ஷுக்கும் செய்க: முன்னே எண்ணெய், பின்னே சீயக்காய் வகை.

இக்கோட்பாட்டை நிறுவுமுன் பரபக்கம் மறுக்கப்பட வேண்டும். எலுமிச்சைவாதிகள் குத்துவிளக்கைக் காட்டி வாதிடுவர். விளக்கின் களிம்பு உலோகத்தில் ஏறியது. புளிப்பு அதைக் கரைக்கும். பிரஷ்ஷில் இருப்பதோ எண்ணெயும் மெழுகும். அவற்றிடம் எலுமிச்சையின் பாச்சா பலிக்காது. வினிகரும் சமையல் சோடாவும் கலப்போர் அடுத்த கட்சி. பொங்கி நுரைக்கும்போது வீட்டுப் பிள்ளைகள் கைதட்டுவார்கள். காரமும் புளிப்பும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு, கரியமில வாயு பறந்து, பாத்திரத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். கடலை மாவுக்காரர்கள் மேல் எமக்கு மதிப்பு உண்டு. முகத்துக்கு அது நல்லதே. ஆனால் அதில் முக்கிய பிரஷ் பஜ்ஜிக்குத் தயாரான வாழைக்காய் போலாகிவிடும்; காய்ந்தபின் முடிக்கு இடையிலிருந்து மாவைத் தட்டி எடுக்க ஒரு ஞாயிறு போதாது.

“ஷாம்பு போதாதா?” என்று ஒரு தரப்பு கேட்கும். போதும். இந்த ஒரு சொல்லோடு கட்டுரை முடிந்துவிடும் என்பதால், ஆய்வு நலன் கருதி அக்கட்சி தள்ளுபடி செய்யப்படுகிறது.

இனிச் சுபக்கம். லிப்ஸ்டிக், கிரீம் பவுண்டேஷன், தண்ணீர் பட்டாலும் அழியாத மஸ்காரா ஆகியவை எண்ணெயிலும் மெழுகிலும் குழைத்தவை. எண்ணெயை எண்ணெயே கரைக்கும். இதற்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. விடிய விடிய ஆடிய கூத்துக் கலைஞர் அரிதாரம் கலைப்பது தேங்காய் எண்ணெயால்தான். உள்ளங்கையில் சில சொட்டு விட்டு, பிரஷ்ஷின் நுனியை அதில் மெல்லச் சுழற்றி, பழந்துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். துணியில் இறங்கும் நிறத்தைப் பார்த்தபின் பெரும்பான்மைக் கட்சியில் இருந்து பலர் விலகுவர். பவுடர் மட்டுமே தொட்ட பிரஷ்ஷுக்கு எண்ணெய் வேண்டாம். மார்கழியில் எண்ணெய் உறைந்திருந்தால் புட்டியை வெந்நீரில் வைக்க, பிரஷ்ஷை வைக்கற்க.

அடுத்தது பூந்திக்கொட்டை. விதை நீக்கிய ஓட்டை இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிய நீர் போதும். அதில் உள்ள சபோனின் என்னும் பொருளுக்கு ஒரு முனை எண்ணெயோடு ஒட்டும், மறுமுனை தண்ணீரோடு போகும். இருதரப்பிலும் உறவு வைத்திருக்கும் தரகரின் வேலை அது. பட்டுப்புடவை அலசவும் நகை துலக்கவும் இதையே நம்பியிருக்கிறோம். பட்டும் புரதம், முடியும் புரதம் என்பதால் பட்டுக்கு ஆகி வந்தது ஆட்டுக்கும் ஆகும். சீயக்காயிலும் சபோனின் உண்டு. ஆனால் தூளாகப் போட்டால் மறுநாள் கன்னத்தில் ரூஜோடு சீயக்காயும் ஏறி, மணப்பெண் மேடையில் தும்முவாள். அதையும் கொதிக்கவைத்து வடிகட்டியே சேர்க்க. இரண்டுமே கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்க் குழந்தைகளிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே ஐஷேடோ பிரஷ்ஷைத் தெளிந்த நீர் வரும்வரை அலசுதல் கடன்.

அலசுங்கால் நுனி கீழ்நோக்கியே இருக்க வேண்டும். இங்குதான் பசை வருகிறது. பூணுக்குள் தண்ணீர் புகுந்தால் பசை இளகும், முடி ஒவ்வொன்றாக முகத்தில் உதிரும். ஈரப் பிரஷ்ஷைப் பேனா ஸ்டாண்டில் தலைநிமிர்த்தி வைப்போர் இக்குற்றத்தை அறியாமலே செய்கிறார்கள். மேசை விளிம்பில் முடி வெளியே நீளும்படி கிடத்துக, அல்லது தலைகீழாகத் தொங்கவிடுக. வெயில் வேண்டாம், நிழல் காற்று போதும். சாம்பிராணி போடலாமா என்று கேட்கப்படுகிறது. கரி படியும், வேண்டாம்.

அழுத்தித் தேய்ப்பதும் கூடாது. ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்துக் குமானோ ஊரார் மேக்கப் பிரஷ்ஷின் நுனியைக் கத்தரிப்பதில்லை. பிறவி நுனியின் மென்மையே பிரஷ்ஷின் மென்மை என்பது அவர்கள் கொள்கை. 2011-இல் உலகக் கோப்பை வென்ற ஜப்பானிய மகளிர் கால்பந்து அணிக்கு அந்நாட்டரசு மக்கள் கௌரவ விருதோடு வழங்கிய பரிசு இந்தக் குமானோ பிரஷ்களே. கோல் அடித்தவருக்குக் கொடுக்கும் பொருளைச் சமையல் சோடாவில் ஊறப்போடுவது எவ்வாறு தகும்?

எந்தக் கிழமை என்பதில் மட்டும் தீர்வு எட்டவில்லை. எண்ணெய்க் குளியல் பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி என்பது வீட்டு வழக்கு. முடி தந்த ஆடு கிடாயா, பெட்டையா என்பதைப் பெட்டியில் அச்சிடும் நிறுவனம் எதுவும் எம் கண்ணில் படவில்லை. நைலானுக்கு இச்சிக்கல் இல்லை, ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.

காய்ந்த பிரஷ் திரும்பிப் போவது மேக்கப் பைக்கு. அங்கே மூடி இல்லாத காஜல், காய்ந்த மருதாணிக் கோன், பாதி உதிர்ந்த ஸ்டிக்கர் பொட்டு அட்டை, ஒற்றைத் திருகாணி, யார் கல்யாணத்தினுடையது என்று தெரியாத குங்குமம் ஆகியன அதற்காகக் காத்திருக்கின்றன. பையைத் துவைப்பது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.