ஐந்து சீட்டு, ஒரு வயிறு

திருவனந்தபுரத்தில் வயதானவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. இதயத்துக்கு ஒரு டாக்டர், மூட்டுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், தலைசுற்றலுக்கு ஒருவர். முழுக் கிழவிக்குத்தான் ஆள் கிடையாது.

சாலைக் கடைத்தெருவில் இருக்கும் என் பெரியம்மைக்கு நெஞ்சில் செயற்கை வால்வு. இந்தியாவிலேயே உருவான அந்த வால்வு பிறந்தது இதே ஊரில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில். மூன்று மாதிரிகள் தோற்று, நான்காவது தேறி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பெருமைதான். அது வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். பெரும்பாலும் வார்ஃபரின்; பெரியம்மைக்கும் அதுதான். 1948-இல் அமெரிக்காவில் எலிமருந்தாகக் கடைக்கு வந்து, 1954-இல் மனிதருக்கு மருந்தாகப் பதவி உயர்வு பெற்றது. அளவு கொஞ்சம் ஏறினாலும் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பிவிடும்.

பெரியம்மைக்கு முட்டுவலி. மெடிக்கல் ஷாப் தம்பி டாக்டருக்கும் மேலே. “இதப் போடுங்கம்மா, ரெண்டு நாள்ல ஓடலாம்.” டைக்ளோஃபினாக். சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அச்சடித்தவன் வேலை முடிந்தது. அது வயிற்றைப் புண்ணாக்கும், தட்டணுக்களின் கையைக் கட்டும். அடுத்த வாரம் மூத்திரக் கடுப்பு. ஒரு கிளினிக்கில் கோட்ரைமாக்சசோல் எழுதினார்கள். வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றும் ஈரல் நொதியை அது தடுக்கும். மூன்றும் ஒரே வயிற்றில் கூடின. மலம் தார் போலக் கறுத்தது. ரத்தம் ஏற்றி மீட்டார்கள்.

மீட்ட இடத்தில் கேட்ட கேள்வி: “வார்ஃபரின் சாப்பிடுறத அங்க ஏன் சொல்லல?” கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். 74 வயதில், கண்ணில் புரை விழுந்தவள், தான் பார்க்கும் ஐந்து டாக்டர்களுக்கும் ஆபீஸ் கிளார்க்காக வேலை பார்க்கவில்லையாம். குற்றம் அவளுடையதுதான்!

மாத்திரைகள் குட்டி போடும் என்பதும் புதிதல்ல. பிரஷருக்கு அம்லோடிபின் கொடுத்தால் சிலருக்குக் கால் வீங்கும். வீக்கத்துக்கு நீர் மாத்திரை. நீர் பிரிந்து தலை சுற்றினால் அதற்கொன்று. இந்த வம்சாவளியை 1997-இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பெயர் வைத்து எழுதிவிட்டார்கள். முதியவர்களுக்கு எவை ஆகாதென்று பியர்ஸ் என்ற மருத்துவர் 1991-இலேயே பட்டியல் போட்டுவிட்டார். நம் ஊரில் இரண்டு நிமிட ஓ.பி.யில் பழைய சீட்டைப் புரட்டக்கூட நேரமில்லை. புதுச் சீட்டு எழுத மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

அரசு சும்மா இருக்கவில்லை. மருந்தின் பக்கவிளைவைப் புகார் செய்ய 2010-இல் திட்டம் தொடங்கி, இலவச எண்ணும் கொடுத்திருக்கிறது: 1800-180-3024. இதைப் பெரிய எழுத்தில் ஒட்டிய மருந்துக்கடை ஒன்றை யாராவது பார்த்திருந்தால் எனக்கும் காட்டுங்கள்.

பெரியம்மை இப்போது எங்கே போனாலும் துணிப்பையோடு போகிறாள். உள்ளே நுழைந்ததும் அத்தனை அட்டைகளையும் டாக்டர் மேசையில் கொட்டிவிடுகிறாள். நீங்களும் கொட்டுங்கள். பின்னால் டோக்கனோடு நிற்பவர்கள் கத்தினால் கத்தட்டும்.